பிடி அரிசியோடு போன சங்கிலி

தொண்ணூறுகளின் கடைசியில் நடந்தது இது. அப்போது நாங்கள் ஆந்திராவில், சித்தூரில் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். தெருவில் வீட்டுக்கு ஒருவர் பெங்களூருக்கோ குவைத்துக்கோ கிளம்பிக்கொண்டிருந்த காலம். எங்கள் வீட்டுக்கு எதிரே ஒரு எஸ்.டி.டி. பூத் இருந்தது. வெளிநாட்டிலிருந்து யாருக்குப் போன் வந்தாலும் பூத்காரர் தெருவே அதிரக் கத்திக் கூப்பிடுவார். அதனால் எந்த வீட்டு ரகசியமும் ரகசியமாக இருந்ததில்லை.

பக்கத்து போர்ஷனில் ஒரு பெண் இருந்தாள். பாலசமுத்திரம் பக்கத்துக்காரி. கணவர் இறந்த பிறகு கூலி வேலை செய்து ஒரே மகளை வளர்த்தவள். குவைத்தில் ஒரு வீட்டில் சமையல் வேலைக்கு விசா வந்ததும், மகளைத் தன் அண்ணன் வீட்டில் விட்டுவிட்டுக் கிளம்பினாள். கிளம்புகிற அன்று சாயந்தரம் என்னிடம் வந்து, ஒரு வெள்ளைக் கைக்குட்டை முடிச்சை என் கையில் வைத்து அழுத்தினாள். உள்ளே முருகன் டாலர் கோத்த ஒரு தங்கச் சங்கிலி இருந்தது.

"அக்கா, எங்கண்ணங்கிட்ட குட்த்தா அடகுக் கடைக்குப் போய்க்கினே இருக்கும். இது எம் பொண்ணு கல்யாணத்துக்கு. அது வந்து கேட்டா மட்டும் குடு. நீ கோயிலுக்குப் போறவ, உங்கிட்ட இருந்தா எனக்கு தூக்கம் வரும்" என்றாள்.

அவளுக்குத் தூக்கம் வந்ததோ இல்லையோ, எனக்குப் போய்விட்டது. எங்கள் பீரோவுக்குப் பூட்டு கிடையாது. அரிசி டிரம்மில் ஒளிக்கலாம் என்றால், திருடன் முதலில் கை விடுவதே அங்கேதான். யோசித்து யோசித்துக் கடைசியில் ஒரு அதிபுத்திசாலியான இடத்தைக் கண்டுபிடித்தேன். அதுதான் பிடி அரிசி டின்.

எங்கள் சபையைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் இது புரியும். பழைய மிஷன் காலத்துத் தமிழ்ச் சபை. சோற்றுக்கு உலை வைக்கும்போதெல்லாம் அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தனி டின்னில் போட வேண்டும். போடும்போது அதைச் சாப்பிடப்போகிற வீட்டுக்காக மனதுக்குள் ஜெபிக்க வேண்டும். முதல் திருவிருந்துக்கு முன்னால் திடப்படுத்தல் வகுப்புக்கு வரும் பிள்ளைகளுக்கு எங்கள் போதகர் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடமே இதுதான். மாதத்தின் முதல் ஞாயிறு, கோயில் வாசலில் ஒரு பெரிய அண்டா வைத்திருப்பார்கள். அதன் வாயில் துணி கட்டி நடுவில் ஓட்டை விட்டிருக்கும். யார் எவ்வளவு போட்டார்கள் என்று யாருக்கும் தெரியக்கூடாது. ஆராதனை முடிந்ததும், போதகருக்கு உதவியாக இருக்கும் உபதேசியார் அதைப் படியால் அள்ளிப் பைகளில் கட்டி, இல்லாத வீடுகளுக்குக் கொடுக்கச் சைக்கிளில் மாட்டிக்கொண்டு கிளம்புவார். அன்று எல்லா வீட்டுக்கும் ஜெபிக்கப் போவார். எந்த வீட்டில் பை இறங்கியது என்பது அவருக்கும் அந்த வீட்டுக்கும் மட்டும்தான் தெரியும். வாங்குகிற வீட்டிலும் உலை வைக்கும்போது ஒரு பிடி எடுத்து வைத்தே ஆக வேண்டும். அவர்களும் முதல் ஞாயிறு டின்னோடு வருவார்கள். அதனால் கொடுக்கிறவர் யார், வாங்குகிறவர் யார் என்று முகத்தைப் பார்த்துச் சொல்லவே முடியாது.

அந்த டின்னை எங்கள் வீட்டில் என்னைத் தவிர யாரும் தொட்டதில்லை. என் வீட்டுக்காரருக்கு அது எந்த அலமாரியில் இருக்கிறது என்றே தெரியாது என்றுதான் நினைத்திருந்தேன். முதல் ஞாயிறுக்கு முன்னால் சங்கிலியை எடுத்துவிடலாம் என்று அரிசிக்கு அடியில் முடிச்சைப் புதைத்து வைத்தேன்.

அதற்குள் எனக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. சாதாரணக் காய்ச்சல் இல்லை, எழுந்தால் தலை சுற்றி விழுகிற காய்ச்சல். கிழமையே தெரியாமல் படுத்துக் கிடந்தேன். ஒரு சாயந்தரம் கண் விழித்துப் பார்த்தால், வீட்டுக்காரர் வெள்ளைச் சட்டையோடு, பெரிய சாதனை செய்தவர்போல் எதிரில் நிற்கிறார். கையில் காலி டின்.

"நீ படுத்துக்கினு கீறியேன்னு நானே கொண்டுபோய் அண்டாவுல கொட்டிட்டு வந்துட்டேன்" என்றார்.

கல்யாணமான நாளிலிருந்து குடித்த டம்ளரைக்கூடக் கழுவி வைக்காத மனுஷர். பொறுப்பு வருவதற்கு அவருக்கு வேறு நாளே கிடைக்கவில்லை.

காய்ச்சலோடு ஆட்டோ பிடித்துக் கோயிலுக்கு ஓடினேன். அண்டாவைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். உபதேசியார் பைகளைக் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்து, போதகரோடு உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். அவருக்கு வயதாகிவிட்டது, கண்ணாடி போட்டும் பார்வை மங்கல். அரிசியோடு அரிசியாக ஒரு வெள்ளை முடிச்சு படியில் ஏறியது அவருக்கு எப்படித் தெரியும்? அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொல்லி, எந்தெந்த வீட்டுக்குப் பை போனது என்று மட்டும் சொல்லுங்கள், நானே போய்க் கேட்டுக்கொள்கிறேன் என்றேன்.

உபதேசியார் டீயைக் கீழே வைத்தார். "அம்மா, நீ போய்க் கேட்டா அந்த வூட்டுல இன்னா நெனைப்பாங்க? அரிசியும் குட்த்துட்டு, பின்னாடியே திருட்டுப் பட்டமும் கட்ட வந்துக்கிறாங்கன்னு நெனைக்க மாட்டாங்களா? ஒரு வூட்டுல இருக்குதுன்னா, மத்த வூட்டுலல்லாம் இல்ல. அவங்க மூஞ்ச நான் அப்புறம் எப்படிப் பாக்கறது?" என்றார்.

போதகரைப் பார்த்தேன். அவர் மெதுவாகச் சொன்னார்: "எந்த வீடுன்னு எனக்கே தெரியாதும்மா. தெரிஞ்சாலும் சொல்ல மாட்டேன்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அடுத்தவள் நம்பிக் கொடுத்த நகை போய்விட்டது, இவர்கள் முறைமை பேசுகிறார்களே என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு வந்தேன். போதகர் பின்னாலேயே வந்து எனக்கு ஆட்டோ பிடித்து ஏற்றிவிட்டார். அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

அடுத்த ஞாயிறு ஜெபத்தின்போது போதகர், "கைமாறிப் போன ஒரு பொருளுக்காகவும், அதனால் கலங்கி நிற்கும் ஒரு குடும்பத்துக்காகவும் ஜெபிப்போம்" என்று மட்டும் சொன்னார். அரிசி என்ற பேச்சையே எடுக்கவில்லை. வெளியே வந்ததும் ஆளுக்கொரு கதை. யாருக்கோ பாஸ்போர்ட் தொலைந்துவிட்டதாம் என்று என்னிடமே ஒரு அம்மா வந்து சொன்னார்கள்.

நான் வீட்டில் ஜாக்கெட் தைத்துக் கொடுப்பவள். அந்த மாதம் சபையில் யார் புதுத் துணி தைக்க வந்தாலும், இவர்களுக்கு எங்கிருந்து வந்தது என்று மனசு தானாகக் கேட்டது. கேட்காதே என்றாலும் கேட்டது. அதில்தான் நான் நிஜமாகவே நொந்து போனேன்.

ஒரு நாள் பூத்காரர் என்னைக் கூப்பிட்டுக் கத்தினார். குவைத் போன். ஓடிப்போய் எடுத்தேன்.

"அக்கா, பொண்ணுக்கு எடம் அமைஞ்சிடுச்சு. நிச்சயம் வச்சுக்கினாங்க. நான் வர முடியாது, இந்த வூட்டு சேட்டு லீவு தர மாட்டேங்கறான். வர்ற ஞாயித்துக்கெழம சாயந்தரம் பொண்ணு அங்க வரும். சங்கிலிய நீயே அது கழுத்துல போட்டு அனுப்புக்கா. நான் போட்ட மாதிரி நெனச்சுக்கறேன்."

சரி என்று சொல்லிவிட்டேன். வேறு என்ன சொல்வது? அத்தனை தூரத்தில், யாரோ ஒருவர் வீட்டு அடுப்படியில் நிற்பவளிடம் அதைச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

வீட்டுக்காரர் அன்றைக்குச் சாப்பிடவில்லை. "உன் சங்கிலியக் குட்த்துடு" என்றார். கொடுக்க எனக்கு மனம் இருந்தது. ஆனால் அந்தப் பெண் சின்ன வயதிலிருந்து பார்த்த சங்கிலி. முருகன் டாலருக்குப் பதில் சிலுவை டாலரோடு போய் நின்றால் கண்டுபிடிக்க மாட்டாளா? உண்மையைச் சொல்லி, காலில் விழுந்து, என் சங்கிலியைக் கொடுப்பது என்று முடிவு செய்தோம்.

அந்த ஞாயிறும் மாதத்தின் முதல் ஞாயிறுதான். நல்ல மழை. வாசலில் குடையை மடக்குகிறவர்களும் செருப்பை உதறுகிறவர்களுமாக ஒரே நெரிசல். நானும் என் டின்னைக் கொட்டிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தேன். பாட்டு, வேதபாடம், பிரசங்கம் எதுவும் காதில் விழவில்லை. சாயந்தரம் அந்தப் பெண்ணிடம் எப்படி ஆரம்பிப்பது என்ற ஒரே நினைப்புதான்.

காணிக்கை நேரத்தில் அண்டாவை இரண்டு பேர் தூக்கிவந்து பீடத்துக்கு முன்னால் வைத்துத் துணியை அவிழ்த்தார்கள். எப்போதும் போதகர் அதிலிருந்து ஒரு பிடி அரிசி அள்ளி உயர்த்தி ஜெபிப்பார். அன்றும் கண்ணை மூடிக்கொண்டு அள்ளி உயர்த்தினார். அரிசி விரலிடுக்கில் சிந்தியது. சிந்தி முடிந்தும் ஒன்று மட்டும் விழாமல் தொங்கியது.

வேலும் கையுமாக முருகன், பீடத்துக்கு முன்னால் ஆடிக்கொண்டிருந்தார்.

என் பக்கத்தில் இருந்த அம்மா, "ஐயோ தேவுடா! இதி எவரிதி?" என்று, இது யாருடையது என்று தெலுங்கில் அலறினார்கள். போதகர் கண்ணைத் திறந்து தன் கையைப் பார்த்தார். பிறகு அவர் முகத்தில் சிரிப்பு வந்தது பாருங்கள், அதை இன்றைக்கும் என்னால் சொல்லி மாளாது.

"நாம ஜெபிச்ச பொருள் வந்துடுச்சு. யாருதுன்னு எனக்குத் தெரியும். யார் கொண்டுவந்தாங்கன்னு தெரியாது. அத யாரும் கேக்கவும் வேணாம், தேடவும் வேணாம்" என்றார். சங்கிலியை மெல்லக் காணிக்கைத் தட்டில் வைத்துவிட்டு, இன்னொரு பிடி அரிசி அள்ளி ஜெபத்தைத் தொடர்ந்தார்.

நான் வாய்விட்டு அழுதேன். வெட்கமே இல்லை. ஆண்கள் பக்கத்தில் என் வீட்டுக்காரர் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் எனக்குக் கேட்டது. நெஞ்சில் ஒரு மாதமாக உட்கார்ந்திருந்த பாரம் அப்படியே இறங்கியது. ஆராதனை முடிந்ததும் போதகர் சங்கிலியை என்னிடம் கொடுத்தார். அன்று மதியம் வீட்டுக்கு வந்து மிளகு ரசமும் சோறும்தான், ஆனால் அப்படி ருசித்து நாங்கள் சாப்பிட்டதே இல்லை.

சாயந்தரம் அந்தப் பெண் வந்தாள். நானே கழுத்தில் போட்டு அனுப்பினேன். பின்னால் அவள் அம்மா குவைத்திலிருந்து வந்தபோது நடந்ததைச் சொன்னேன். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது அவளுக்கு. "அப்போ எங்க முருகன் உங்க கோயில்ல ஒரு மாசம் ஊழியம் பண்ணிட்டு வந்துக்கிறாரு" என்றாள். கைக்குட்டை மட்டும் திரும்பி வரவில்லை. அது அந்த வீட்டிலேயே இருக்கட்டும்.

அந்த வீட்டில் சங்கிலியை எப்போது கண்டார்களோ, எத்தனை தடவை கையில் எடுத்துப் பார்த்தார்களோ, அவர்கள் வீட்டிலும் கல்யாணத்துக்கு ஒரு பெண் இருந்தாளோ, எனக்குத் தெரியாது. போதகரிடம் கொண்டுபோய்க் கொடுத்திருந்தால் பெயர் கிடைத்திருக்கும். அதைக்கூட வேண்டாம் என்று, வந்த வழியிலேயே, தங்கள் பிடி அரிசியோடு திருப்பிப் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். உபதேசியார் மட்டும் அன்று வாயைத் திறந்திருந்தால், நான் அவர்கள் வாசலில் போய் நின்று என்னவெல்லாம் பேசியிருப்பேனோ, நினைத்தாலே உடம்பு கூசுகிறது.

இன்றும் திருவிருந்தில் அப்பம் வாங்க முழங்காலில் நிற்கும்போது, வரிசையாக நீண்டிருக்கும் கைகளை ஒரு தரம் பார்த்துக்கொள்வேன். அந்தக் கை இவற்றில் எது என்று தெரியாததால், எந்தக் கையையும் இளப்பமாக நினைக்க எனக்கு இதுவரை மனம் வந்ததில்லை.