ஓர் எழுத்துக்காக ஓடியவள்

அந்த மருத்துவமனையின் டைப்பிங் அறையில் எல்லோரும் அவளைக் கமா அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். டாக்டர்கள் பதிவு செய்து அனுப்பும் ஆங்கிலக் குறிப்புகளைக் காதில் கேட்டு டைப் அடிப்பது அவள் வேலை. இருபத்திரண்டு வருஷமாக அதே நாற்காலி. ஒரு கமா இடம் மாறியிருந்தால்கூட அவளுக்குச் சோறு இறங்காது.

ஆங்கிலத்தில் பேசச் சொன்னால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். ஸ்பெல்லிங்கில் மட்டும் அவளை அசைக்க முடியாது. எழுத்து விடாமல் வாய்க்குள் சொல்லிப் பார்த்தே மனப்பாடம் செய்தவள். புதன்கிழமை அவளுக்கு ‘வெட்-னெஸ்-டே’, கத்தி ‘க்னைஃப்’. “உங்கம்மா இங்கிலீஷைக் கடிச்சுத் தின்னுறா” என்று கணவர் மகளிடம் சொல்லிச் சிரிப்பார். சிரித்தவர், அவளிடம் காட்டாமல் ஒரு விண்ணப்பம்கூட அனுப்பியதில்லை.

புது சர்ஜன் வந்ததும் கெட்ட காலம் பிடித்தது. வார்த்தைகளைப் பாதி மென்று பாதி விழுங்குகிற மனிதர். சந்தேகம் கேட்டு ஒரே வாரத்தில் மூன்று தடவை அவருக்கு போன் செய்தாள். சூப்பர்வைசர் தனியே கூப்பிட்டார்.

“அக்கா, டாக்டர் கம்ப்ளெயின்ட் பண்ணியிருக்கார். இனிமே காதுல விழுறதை அடிங்க, போதும். இன்னொரு தடவை போன் போச்சுன்னா என்னால உங்களைக் காப்பாத்த முடியாது.”

அடுத்த செவ்வாய்க்கிழமை காலையில், பிற்பகல் சிகிச்சைப் பட்டியலை சர்ஜன் குரலில் கேட்டு அடித்துக்கொண்டிருந்தாள். மூன்றாவது ஆள், ஒரு பெரியவர். ‘இலியம்’ பகுதியிலிருந்து துணுக்கு எடுத்துச் சோதிக்க வேண்டும். கை நின்றது. அந்தச் சொல்லின் நடுவில் ஆங்கில எழுத்து ‘ஈ’ போட்டால் சிறுகுடலின் கடைசிப் பகுதி. ‘ஐ’ போட்டால் இடுப்பெலும்பு. காதுக்கு இரண்டும் ஒன்றுதான். இரண்டுமே சரியான சொல் என்பதால் கம்ப்யூட்டரும் சிவப்புக் கோடு போடாது.

ரிசீவரை எடுத்தாள். வைத்தாள். பட்டியலில் அதற்கு முந்தைய இரண்டு பேரும் எலும்பு நோயாளிகள். ‘ஐ’ என்று அடித்து அனுப்பிவிட்டாள்.

ஒன்றே முக்காலுக்கு அதே பெரியவரின் நோய் வரலாறு காதில் ஓடியது. மூன்று மாதமாக வயிற்றுப்போக்கு, ரத்தம், எடை குறைவு. எலும்பைப் பற்றி மூச்சே இல்லை. பட்டியலைத் திறந்து பார்த்தாள். அவருக்கு நேரம் இரண்டு மணி.

சர்ஜன் வேறொரு ஆபரேஷனில் இருந்தார், போன் அணைந்து கிடந்தது. சிகிச்சை அறை எண்ணும் பிஸி.

“உட்காருங்க அக்கா, மேல டாக்டருங்க பார்த்துக்க மாட்டாங்களா?” என்றார் சூப்பர்வைசர்.

“அவங்க நான் அடிச்சதைப் பார்த்துத்தானே செய்வாங்க!”

லிஃப்ட் நான்காவது மாடியில் நின்றுகொண்டு இறங்க மாட்டேன் என்றது. படியேறி ஓடினாள். இரண்டாம் மாடியில் செருப்பு வார் அறுந்தது, உதறிவிட்டு ஓடினாள். மூன்றாம் மாடியில், சிகிச்சை அறை வாசல் பெஞ்சில் ஓர் அம்மாள் ஆண்பிள்ளைச் சட்டையையும் மூக்குக் கண்ணாடியையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கமா அக்காவால் அந்த முகத்தை ஏறிட்டுப் பார்க்க முடியவில்லை.

நர்ஸ் கதவை மறித்தாள். “உள்ள போகக் கூடாது.”

“ஊசி போட்டுட்டாங்களா? முதல்ல நிறுத்தச் சொல்லும்மா!”

சத்தம் கேட்டு உள்ளே இருந்த எலும்பு டாக்டர் திரும்பினார். பெரியவர் மயக்க மருந்தில் ஒருக்களித்துப் படுத்திருந்தார். இடுப்பில் மருந்து தடவியாகிவிட்டது.

“யாருங்க நீங்க?”

“டைப்பிஸ்ட், டாக்டர். அது குடல். எலும்பு இல்ல. ‘ஈ’ போட வேண்டிய இடத்துல ‘ஐ’ போட்டுட்டேன்.”

அவர் ஊசியைத் தட்டில் வைத்தார். கேஸ் ஃபைலைப் புரட்டினார். சர்ஜனிடம் ஆளனுப்பிக் கேட்டார். பதில் வர நான்கு நிமிஷம் ஆனது.

“குடல்தானாம்” என்றார் டாக்டர். “நல்லவேளை, வந்தீங்க.”

மாலையில் சர்ஜன் கூப்பிட்டனுப்பினார்.

“அடிக்கும்போதே சந்தேகம் வந்துச்சா?”

“வந்துச்சு.”

“அப்புறம் ஏன் கேக்கல?”

“கேட்டா வேலை போயிடும்னு பயந்துட்டேன் டாக்டர். தப்பு என்னோடதுதான்.”

“நானும் கேக்க விடல” என்றார் சர்ஜன்.

அவளுக்கு மெமோ வந்தது. வாதாடாமல் கையெழுத்துப் போட்டாள். ஒரே ஓசையுள்ள சொற்களை எழுத்து எழுத்தாகச் சொல்ல வேண்டும் என்று டாக்டர்களுக்கும் ஓர் உத்தரவு போனது.

பெரியவருக்கு இரண்டு நாள் கழித்துக் குடலில் துணுக்கு எடுத்தார்கள். மருந்தில் தீரக்கூடிய நோய்தான். மூன்றாவது வாரம் வீட்டுக்குப் புறப்பட்டார். அவருடைய டிஸ்சார்ஜ் கடிதத்தையும் கமா அக்காதான் அடித்தாள். ஒரு முறைக்கு இரண்டு முறை படித்துப் பார்த்தாள். பிறகு, இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, அதை சூப்பர்வைசரிடம் நீட்டினாள்.

“நீங்களும் ஒரு தடவை பார்த்துடுங்க.”