கடைசி சீட்டில் ஒடிந்த எலும்பு

ஆவுடையம்மாள் கீழே விழவில்லை. அதைத்தான் பார்க்க வந்த எல்லாரிடமும் திரும்பத் திரும்பச் சொன்னாள். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையத்துக்கு மில் வேலைக்குப் போகிறவள், அன்று பஸ்ஸில் கடைசி சீட்டில் உட்கார்ந்திருந்தாள். வேகத்தடையைக் கவனிக்காமல் டிரைவர் ஏற்றி இறக்கினார். ஒரு சாண் உயரம் தூக்கிப் போட்டது, அவ்வளவுதான். மற்றவர்கள் டிரைவரைத் திட்டிவிட்டு விட்ட பேச்சைத் தொடர்ந்தார்கள். இவளுக்கு மட்டும் நடுமுதுகில் மூச்சை நிறுத்துகிற வலி.

எக்ஸ்ரேயில் முதுகெலும்பின் ஒரு கணு நசுங்கியிருந்தது. எலும்பு டாக்டர் ஷெரின் படத்தை நெடுநேரம் பார்த்தார்.

"இந்தக் குலுக்கலுக்கு எலும்பு ஒடியக் கூடாதும்மா. வேற நோய் எதுவும் இல்லன்னு பாத்துக்குவோம்" என்று ரத்தப் பரிசோதனைக்கும், எலும்பின் பலத்தை அளக்கும் ஸ்கேனுக்கும் எழுதிக் கொடுத்தார்.

வேறு நோய் என்றால் புற்றுநோய்தான் என்று ஆவுடையம்மாள் முடிவு கட்டிவிட்டாள். ஸ்கேனுக்கு மதுரை போய் வந்ததோடு சரி, அதன் பிறகு கட்டிலை விட்டு எழவில்லை. இன்னொரு கணுவும் நொறுங்கிவிடுமோ என்று இருமலைக்கூட அடக்கிக்கொண்டாள். மகள் முனீஸ்வரி தூக்கி உட்காரவைக்க வந்தால் அலறினாள்.

"ஏட்டி, தொடாதட்டி! நான் படுத்த படுக்கையா ஆயிட்டா ஒனக்கு யாருட்டி இருக்கா?"

அதில் பொய்யில்லை. புருஷனை விட்டு வந்து அதே மில்லில் வேலை பார்க்கிற முனீஸ்வரிக்கு அம்மாதான் எல்லாம்.

முடிவுகள் வந்ததும் முனீஸ்வரி அம்மாவை மெல்லத் தாங்கி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவந்தாள். டாக்டர் முதல் வார்த்தையாக, "புற்றுநோய் இல்லம்மா" என்றார். "இது எலும்புப்புரை. எலும்பு உள்ளுக்குள்ள சல்லடையா ஆயிருச்சு. மாதவிடாய் நின்ன பிறகு எல்லாப் பெண்களுக்கும் எலும்பு கொஞ்சம் தேயும். உங்களுக்கு ரொம்பவே தேஞ்சிருக்கு. என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?"

ஆவுடையம்மாள் முந்தானையில் முடிந்திருந்த காகிதப் பொட்டலத்தைப் பிரித்தாள். பஞ்சுத் தூசியால் வந்த இளைப்புக்கும் மூட்டு வலிக்கும் மருந்துக்கடையில் நாலைந்து சேர்த்துக் கொடுக்கிற 'செட்' மாத்திரை. டாக்டர் சீட்டு கேட்காமல் கொடுக்கிற மகராசன் ஒருவன். என்னவென்று கேட்காமல் வருஷக்கணக்கில் விழுங்குகிற மகராசி இவள். நினைத்தால் வயிறு எரிகிறது.

டாக்டர் சின்னதாக இருந்த வெள்ளை மாத்திரையைத் தனியே எடுத்தார்.

"இது ஸ்டீராய்டு. உங்க எலும்பை அரிச்சதுல பெரிய பங்கு இதுக்குத்தான்."

"இத விட்டா இளைப்பு வந்துருமே தாயி!"

"திடீர்னு விடக் கூடாது, ஆபத்து. நான் கொஞ்சம் கொஞ்சமா குறைக்கிறேன். இளைப்புக்கு உறிஞ்சுற மருந்து தாரேன். எலும்புக்கு வருஷத்துக்கு ஒரு ஊசி, கூடவே கால்சியம், வைட்டமின் டி. பயந்து படுத்தே கெடந்தா எலும்பு இன்னும் தேயும். பெல்ட் போட்டுக்கிட்டு மெதுவா நடக்கணும்."

ஆவுடையம்மாளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. டாக்டர் எழுதிக்கொண்டே, "வீட்ல வேற யாரும் இந்த மாத்திரை சாப்பிடுறாங்களா?" என்று கேட்டார்.

முனீஸ்வரி தலையைக் குனிந்துகொண்டாள். "இடுப்பு வலிக்கு... ரெண்டு வருஷமா, டாக்டர்."

"நாந்தான் குடுத்தேன்" என்றாள் ஆவுடையம்மாள். "மில்லுல நின்னு நின்னு வலிக்குன்னா. தெனமும் நானே என் கையால குடுத்தேன்."

டாக்டர் புதிதாக ஒரு சீட்டை எடுத்து முனீஸ்வரியின் வயதைக் கேட்டார். முப்பத்தொன்று.

"எனக்கு அந்த ஊசி பொறவு போடுங்க தாயி" என்று ஆவுடையம்மாள் டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டாள். "மொதல்ல எம்பிள்ள எலும்பப் பாருங்க."