வாட்ச்மேனுக்கு ஒரு ஃபோல்டர்

எங்கள் லிஃப்ட் கம்பெனியில் அந்த அக்காவை வடிகட்டி என்றுதான் சொல்வோம். புகார் மெயில்களைப் பார்ப்பது அவர் வேலை. வேலைக்குச் சேர்ந்த கையோடு, யார் அனுப்புகிறார்கள் என்பதை வைத்து மெயில்கள் தானாகப் பிரியும்படி ரூல் போட்டுவிட்டார். ஆஸ்பத்திரிகளுக்கு ஒரு ஃபோல்டர், ஓட்டல்களுக்கு ஒன்று, மேனேஜருக்குத் தனியாக ஒன்று. அதற்கு முன்னால் இன்பாக்ஸ் கிடந்த கிடப்புக்குக் குப்பைத்தொட்டி தேவலை. மெக்கானிக்கான நான் எந்தக் கட்டடத்துக்குப் போகவேண்டும் என்று தெரிவதற்குள் மத்தியானம் ஆகிவிடும்.

வீட்டிலும் அவர் அப்படித்தான். நாத்தனார் ஆரோக்கியக் குறிப்புகளாக அனுப்பித் தள்ளுவார். அதெல்லாம் நேராக 'அப்புறம்' என்ற ஃபோல்டருக்குப் போய்விடும். "படிச்சீங்களா அண்ணி?" என்று கேட்டால், "ரொம்ப நல்லா இருந்துச்சும்மா" என்பார். விஷயம் வெளியே தெரிந்தால் வீடு ரெண்டுபட்டுவிடும் என்று எங்களிடம் சொல்லிச் சிரிப்பார்.

ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் வாட்ச்மேனுக்கு நாங்கள் வைத்த பெயர் புலம்பல். காலையில் கேட்டைத் திறந்ததும் எங்களுக்கு மெயில் போடுவார். லிஃப்டில் விசிறி சத்தம் போடுகிறது. லிஃப்டுக்குள் நாய் வாடை. கண்ணாடியில் யாரோ சூயிங்கம் ஒட்டியிருக்கிறார்கள். நானும் அடித்துப் பிடித்து ஓடிப்போய், நாய் வாடையை முகர்ந்துவிட்டு நொந்துபோய்த் திரும்பியிருக்கிறேன். கடைசியில் அக்கா அவருக்கும் ஒரு ரூல் போட்டார். அவர் மெயில் வந்தால் தனி ஃபோல்டருக்குள் போய்விடும். 'புகார் கிடைத்தது, ஆள் வருவார்' என்று பதிலும் தானாகப் போய்விடும். எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது.

ஒருநாள் அந்தக் குடியிருப்பின் சங்கச் செயலாளர் மேனேஜருக்குப் போன் செய்தார். லிஃப்ட் கீழே நிற்கும்போதே மூன்றாம் மாடிக் கதவு திறந்துகொண்டதாம். உள்ளே கால் வைக்கப்போன ஒரு டீச்சர் கதவின் சட்டத்தைப் பிடித்துத் தப்பியிருக்கிறார். தோள்பட்டை மூட்டு நழுவிவிட்டது. நான் பறந்தடித்துக்கொண்டு போனேன். கதவின் பூட்டு தேய்ந்திருந்தது. மாற்றினேன். பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் பிடித்தபடி வாட்ச்மேன் நின்றுகொண்டிருந்தார்.

"ஏன் தம்பி இத்தனை நாளா வரல? தினமும் மெயில் போட்டேனே."

"லிஃப்டை ஆஃப் பண்ணியிருக்கலாமே பெரியவரே?"

"பண்ணேன். மேல்மாடிக்காரங்க திட்டி மறுபடியும் போட வச்சுட்டாங்க. அதான் கதவுக்கு முன்னாடி நாற்காலி போட்டு உக்காந்துட்டேன். சாப்பிட எழுந்து போன நேரத்துல அந்தம்மா வந்துட்டாங்க. ஆள் வருவார்னு நீங்கதானே பதில் போட்டீங்க?"

கருவிப் பையை எடுத்துக்கொண்டு பைக்கைக் கிளப்பினேன்.

ஆபீசுக்கு வந்து அக்காவிடம் சொன்னேன். ஃபோல்டரைத் திறந்தார். விசிறிக்கும் நாய்க்கும் நடுவில் அது இருந்தது: 'மூன்றாம் மாடிக் கதவு திறக்கிறது. உள்ளே லிஃப்ட் இல்லை.' மறுநாளும் அதே மெயில். அதற்கடுத்த நாளும். ஒவ்வொன்றுக்கும் கீழே எங்கள் பதில். அக்கா முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார்.

அதற்குள் மேனேஜர், அப்படி ஒரு புகாரே வரவில்லை என்று செயலாளரிடம் அடித்துச் சொல்லிவிட்டார். வாட்ச்மேன் தன் போனை நீட்டியிருக்கிறார். செயலாளர் அதை வாங்கிக்கூடப் பார்க்கவில்லையாம். "நீ தினமும்தான் ஏதாவது எழுதுவே" என்றாராம். வாட்ச்மேனை வேலையை விட்டுத் தூக்கப்போகிறார்கள் என்று தெரிந்தது.

"நீங்க வாயே திறக்கக்கூடாது" என்று மேனேஜர் அக்காவை எச்சரித்தார். அக்கா சீட்டுக்கு வந்து, அந்த மெயில்களைச் செயலாளருக்கு அனுப்பினார். மேலே ஒரு வரி எழுதினார்: 'இவை வந்தன. படிக்காதது நான்.'

"வேலை போயிடும்க்கா" என்றேன்.

"போகட்டும். அவருக்கு ஏன் போகணும்?"

பதில் வரவில்லை. அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. வாரக் கடைசியில் என் பைக்கில் ஏறி, நேரில் போய்க் கேட்டுவிடலாம் என்றார்.

செயலாளர் கதவைத் திறந்தார். "மெயிலா? வரலையே" என்று சொல்லிவிட்டுப் போனில் தேடினார். தேடித் தேடி, 'விளம்பரம்' என்ற ஃபோல்டரிலிருந்து எடுத்தார்.

"உங்க கம்பெனிலேர்ந்து எப்பவும் புது ஸ்கீம்னுதானே வரும். அதான் ரூல் போட்டு ஒதுக்கி வச்சிருந்தேன்" என்றார். நின்றபடியே எல்லாவற்றையும் படித்தார். "முன்னாடியே தெரிஞ்சிருந்தா…" என்று இழுத்தார்.

இதே மாதிரி ரூல் போட்ட அக்கா அவரை என்ன சொல்லித் திட்டுவார்? படியில் இறங்கினார். கேட்டருகே அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியில் வேறு ஒருவர் உட்கார்ந்திருந்தார். பழையவர் முந்தாநாளே போய்விட்டாராம். எங்கே என்று தெரியாதாம். மறுபடி மேலே ஏறிப்போய்ச் செயலாளரிடம் நம்பர் வாங்கி அடித்தோம். யாரும் எடுக்கவில்லை.

எங்களிடம் மிச்சமிருந்தது அவருடைய மெயில் முகவரி மட்டும்தான். அக்கா அன்றைக்கே ஆபீசுக்கு வந்து அவருக்கு எழுதினார். மன்னிப்புக் கேட்டார், செயலாளர் எல்லாவற்றையும் படித்துவிட்டார் என்றும் எழுதினார். பிறகு அவர் பெயரில் போட்டிருந்த ரூலை எடுத்தார், பதில் வந்தால் கண்ணெதிரே வந்து விழட்டும் என்று.

இப்போதெல்லாம் காலையில் வந்ததும் மற்ற ஃபோல்டர்களை அவர் தொடுவதில்லை. முதலில் இன்பாக்ஸைத்தான் திறக்கிறார். "ஒரு நாய் வாடையாவது எழுதியிருக்கக் கூடாதா" என்கிறார்.