நான் பார்க்காத மான்

மான் பார்க்க வேண்டும் என்று நான் ஒருநாளும் அடம்பிடித்ததில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்படிச் சொன்னது அம்மா. நான் பக்கத்தில் நிற்கும்போதே, கூசாமல் சொன்னாள்.

அந்த வருஷத்துப் புயலில் ஆலங்குடிப் பக்கம் தென்னை என்று பெயர் சொல்ல ஒன்றும் நிற்கவில்லை. தாத்தா நட்டு அப்பா வளர்த்த எங்கள் தோப்பும் மொத்தமாய்ச் சாய்ந்துவிட்டது. அப்பா அதற்குப் பிறகு சவரம் செய்யவில்லை, சரியாகச் சாப்பிடவில்லை. விழுந்த மரத்தின் மேல் போய் உட்கார்ந்திருப்பார். பொங்கலுக்கு முன்னால், அடுத்த தெருவில் தோப்பைப் பறிகொடுத்த ஒருவர் செத்துப்போனார். எங்களிடம் நெஞ்சுவலி என்றார்கள். பெரியவர்கள் தங்களுக்குள் வேறு மாதிரிக் கிசுகிசுத்தார்கள். அன்றிலிருந்து அம்மா அப்பாவைத் தனியே விடுவதே இல்லை.

ஒரு காலையில் அப்பா குளித்து, வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வந்து நின்றார்.

"கோடியக்கரைக்குப் போயி கடல்ல ஒரு முழுக்குப் போட்டுட்டு வாரேன்."

"இன்னைக்கு அமாவாசைகூட இல்லையேங்க" என்றாள் அம்மா.

அப்பா செருப்பை மாட்டினார். தம்பி காய்ச்சலோடு அம்மாவின் தோளில் கிடந்தான். அம்மா என்னைப் பிடித்து முன்னால் தள்ளினாள். "இவளையும் கூட்டிக்கிட்டுப் போங்க. அங்கன சரணாலயத்துல மான் பாக்கணும்னு உசுர வாங்குறா."

அடேயப்பா, எப்பேர்ப்பட்ட புளுகு! ஆனால் பள்ளிக்கூடம் போக வேண்டாமே, வாயை மூடிக்கொண்டேன். அம்மா என்னைக் கொல்லைப்பக்கம் இழுத்துப்போய்க் காதைத் திருகினாள். "அப்பா கைய விட்டே, தோல உரிச்சிருவேன். அங்கிட்டு இங்கிட்டு எங்க போனாலும் கூடவே போகணும்." நான் தொலைந்துவிடுவேன் என்று பயப்படுகிறாளாம். மூன்றாம் வகுப்பு படிக்கிறவள் தொலைவாளா? எனக்கு ரோஷமாக இருந்தது.

பஸ் மாறி மாறிப் போய்ச் சேர்ந்தோம். நாலைந்து பேரோடு சேர்த்து ஒரு ஜீப்பில் ஏற்றிக் காட்டுக்குள் கூட்டிப்போனார்கள். புயல் அங்கும் புகுந்திருந்தது. வழிநெடுக மரங்கள் வேரோடு கிடந்தன.

"கடல் தண்ணி உள்ள ஏறுனதுல மானு ஏகப்பட்டது போயிருச்சுங்க" என்றார் வழிகாட்டி.

அவ்வளவு தூரம் வாயே திறக்காத அப்பா கேட்டார்: "மிச்சம் இருக்கறது எப்படிங்க பொழைக்குது?"

"புல்லு மொளைச்சா மேயும். மொளைக்கிற வரைக்கும் அலையும்."

புல்வெளியோரம் ஜீப் நின்றது. "அந்தா வெளிமானு!" என்று எல்லோரும் கை நீட்டினார்கள். எனக்கு எதுவும் தெரியவில்லை. அப்பா கையை விட்டுவிட்டு சீட்டின் மேல் ஏறி எட்டிப் பார்த்தேன். அப்போதும் தெரியவில்லை. திரும்பினால் அப்பாவைக் காணோம்.

எல்லோரும் மான் பக்கம் பார்த்துக்கொண்டிருக்க, அவர் மட்டும் எதிர்ப்பக்கம் இறங்கிக் கடலைப் பார்த்து நடந்துகொண்டிருந்தார். செருப்பு ஜீப்புக்குப் பக்கத்திலேயே கிடந்தது. அம்மா தோலை உரிக்கப்போகிறாளே! குதித்து ஓடினேன். உப்புச்சேறு முழங்கால் வரை இழுத்தது. கத்திக் கத்திக் கூப்பிட்டேன், அவர் திரும்பவே இல்லை. சேற்றில் குப்புற விழுந்தேன்.

"அப்பா, நீங்க போனா அம்மா என்னையக் கொன்னுரும்!"

நின்றார். வெகுநேரம் நின்றார். பிறகு திரும்பி வந்து என்னைத் தூக்கினார்.

என் கூச்சலில் மான்கள் சிதறி ஓடியிருந்தன. ஜீப்பில் இருந்தவர்கள் ஏசித் தீர்த்தார்கள்.

"எம் பிள்ளைய ஒன்னும் சொல்லாதீங்க, எல்லாம் என்னாலதான்" என்றார் அப்பா. முழுக்குப் போடாமலே ஊர் திரும்பினோம்.

பஸ் நிற்கும் இடத்திலேயே அம்மா தம்பியோடு காத்திருந்தாள். முதலில் அப்பாவைப் பார்த்தாள், பிறகு என்னை. நான் வயிற்றெரிச்சலைக் கொட்டினேன். "அப்பா பாட்டுக்கு எறங்கிக் கடலுக்குள்ள போகப் பாத்தாரும்மா. நான் கத்துனதுல எல்லாம் ஓடிருச்சு. ஒரு மானுகூட பாக்கல."

அம்மா ரோட்டிலேயே உட்கார்ந்து, சேறு காய்ந்த என் கால்களைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். எனக்குப் பாவமாகப் போய்விட்டது. மான் மேல் இவளுக்குத்தான் இத்தனை ஆசை போலிருக்கிறது.

"விடும்மா, அடுத்த வருசம் பாத்துக்கலாம்" என்று தேற்றினேன்.