வீல் ஸ்பேனருக்கு மட்டும் விஜயதசமி

என் வீட்டுக்காரர் வாங்கியது ஜீப் இல்லை, ஜீப்பின் மிச்சம். ராணுவத்தில் கழித்துக் கட்டிய வண்டி. ஆவடிப் பக்கம் ஒரு பழைய இரும்புக் கடையில் மழையிலும் வெயிலிலும் கிடந்ததை லாரியில் ஏற்றி, உத்திரமேரூர் கடைத்தெரு வழியாகச் சாமி புறப்பாடு மாதிரி கொண்டுவந்து எங்கள் சந்தில் இறக்கினார். நாலு சக்கரம், ஒரு ஸ்டியரிங், மற்றதெல்லாம் துரு. சயின்ஸ் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்ற மனுஷர், பேப்பர் படித்துக்கொண்டு, பிரஷர் மாத்திரை போட்டுக்கொண்டு சும்மா இருப்பார் என்று நான் நினைத்திருந்தேன். என் தலையெழுத்து, அந்த வயதில் அவருக்குப் பட்டாளத்து ஆசை வந்தது.

மாடு விற்ற பிறகு காலியாகக் கிடந்த கொட்டகை ஒர்க்‌ஷாப் ஆனது. "அத்தியாவசியமான டூல்ஸ் மட்டும் கொஞ்சம் வாங்கணும்" என்றார். அத்தியாவசியப் பொருள் என்றால் எனக்குத் தெரிந்தது ரேஷன் கடைப் பருப்பும் பாமாயிலும்தான். இவருடைய அத்தியாவசியம் புதுப்பேட்டையிலிருந்து சாக்கு மூட்டையில் வந்தது. முதலில் ஒரு செட் ஸ்பேனர். அது மில்லிமீட்டர் கணக்காம். பழைய பட்டாளத்து வண்டிக்கு அங்குலக் கணக்கு ஸ்பேனர்தான் சேருமாம். சரி, அங்குலத்தில் ஒரு செட். அப்புறம் ஜாக்கி, கிரீஸ் கன், பேரிங்கைப் பிடுங்க மூன்று கால் வைத்த புல்லர், பெரிய சுத்தி, சின்ன சுத்தி, இரண்டுக்கும் நடுவில் ஒரு சுத்தி.

கடையில் கிடைக்காத அத்தியாவசியங்களை என் சமையலறையிலிருந்து எடுத்துக்கொண்டார். இட்லிப் பானையில் பேரிங் வெந்தது. ஃப்ரீசரைத் திறந்தால் மல்லிகைப் பூவுக்குப் பக்கத்தில் கட்டை விரல் தடிமனில் ஓர் இரும்பு முளை படுத்திருக்கும். குளிர்ந்தால் இரும்பு சுருங்கும், அப்போதுதான் துளைக்குள் சுளுவாகப் போகும் என்று எனக்குப் பாடம் நடத்தினார். "பூவும் சேந்து சுருங்கிப் போச்சே, அதுக்கு இன்னா சொல்றீங்க?" என்றேன்.

இந்த லட்சணத்தில் ஆயுத பூஜை வந்தது.

காலையிலேயே கொட்டகையில் பலகை போட்டு, ஸ்பேனர்களை பிரேயருக்கு நிற்கிற பிள்ளைகள் மாதிரி உயர வரிசையில் அடுக்கினார். ஒவ்வொன்றுக்கும் சந்தனம், குங்குமம், ஒரு சாமந்திப் பூ. அதோடு விட்டாரா? சமையலறைக்குள் புகுந்து அரிவாள்மனை, கத்தி, மிக்ஸி, கடைசியில் சாதக் கரண்டிக்கும் பொட்டு வைத்துவிட்டார். "நாளைக்கு மறுபூஜ போடற வரைக்கும் எதையும் தொடக்கூடாது" என்றார்.

"மத்தியானம் சோத்துக்கு?"

"அதான் சுண்டல் கீதே."

அடுத்து ஜீப். அதன் இஞ்சின் அதுவரை ஒரு தும்மல்கூடப் போட்டதில்லை. ஆனாலும் வண்டி என்று இருந்தால் எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற வேண்டாமா? கொட்டகை வாசல் சந்தை நோக்கிச் சரிந்திருக்கும். இவர் மாலையும் கழுத்துமாக ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார, தெரு ஆட்கள் பின்னாலிருந்து தள்ளினார்கள். மூன்று பழம் நசுங்கியது. முன்பக்க இடது சக்கரம் மட்டும் உருளவே இல்லை. தன் பழத்தைத் தள்ளிக்கொண்டே சறுக்கிப் போய், சந்தின் அந்தப் பக்கத்துக் கால்வாய் ஓரத்தில் நின்றது. உள்ளே பிரேக் கட்டை டிரம்மைக் கவ்விக்கொண்டதாம். வண்டி சந்துக்குக் குறுக்கே நின்றது. முன்னால் கால்வாய். பின்னால் சரிவு, பூட்டிக்கொண்ட சக்கரத்தோடு மேலே ஏற்ற முடியாது.

அந்தச் சந்தின் உள்ளேதான் எங்கள் பங்காளி வீடு. இவருக்குச் சித்தப்பா மகன். வரப்பில் நின்ற ஒரு பனைமரம் யாருடையது என்பதில் பேச்சு நின்றுபோனது. மரம் இடி விழுந்து கருகிப் போய்ச் சேர்ந்தது; பேச்சு மட்டும் திரும்பி வரவில்லை. அன்று அவன் நெல்லை மூட்டை பிடித்து டிராக்டரில் ஏற்றி, ரோட்டோரத்து ரைஸ்மில் ஷெட்டுக்குக் கொண்டுபோகக் கிளம்பினான். வந்து பார்த்தால் வழியில் மாலை போட்ட ஜீப்.

தெற்கே வானம் கறுத்திருந்தது. போன போகத்தில் இதே மாதிரி ஒரு மழையில் அவன் நெல் களத்திலேயே நனைந்து முளைவிட்டுவிட்டது. அவன் பெண்சாதி மூட்டைமேல் சாய்ந்து அழுத சத்தம் எங்கள் வீட்டு அடுப்படி வரைக்கும் கேட்டது. பேச்சுவார்த்தை இல்லாத வீட்டுக்கு எப்படிப் போய் நிற்பது? அந்தச் சத்தத்தை இன்னொரு முறை கேட்க என்னால் ஆகாது.

பங்காளி என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்க்கவில்லை. ஜீப்பைப் பார்த்துச் சொன்னான்: "ஏ ஜீப்பு! உன் ஓனராண்ட சொல்லு, மானம் கறுத்துக்கினு வருதுன்னு. எப்ப வழி உடுவாராம், கேளு."

இவரும் ஜீப்பிடமே சொன்னார்: "பிரேக் புடிச்சிக்கினு கீது, சக்கரத்தைக் கழட்டினா அஞ்சு நிமிஷத்துல சரியாயிடும்னு சொல்லு."

"அப்ப கழட்டச் சொல்லு!"

"டூல்ஸ் பூஜையில கீதுன்னு சொல்லு!"

ஜீப் இரண்டு பக்கமும் கேட்டுக்கொண்டு கம்மென்று நின்றது. தெரு முழுக்க விசாரித்தாகிவிட்டது. பஞ்சர் கடை, எலக்ட்ரீஷியன், டிராக்டர் வைத்திருக்கிறவர்கள் என்று ஊரிலுள்ள அத்தனை ஸ்பேனரும் சந்தனம் பூசிக்கொண்டு ஓய்வில் இருந்தன. எதிர்வீட்டுப் பெரியவர், ஆயுதமாக இல்லாத பொருளால் கழற்றலாமே என்றார். எது ஆயுதம் இல்லை என்று ஒரு பட்டிமன்றம் நடந்தது. உலக்கை ஆயுதமா? ஆயுதம்தான் என்று நாலு பேர். கல்? கல் ஆயுதம் இல்லை, ஆனால் கல்லால் நட்டைத் திருக முடியாது. ஒருவர் வெறும் கையால் முயன்று நகம் பெயர்ந்து, சுண்டல் சாப்பிடப் போய்விட்டார்.

எனக்கு வந்ததே கோபம். "நெல்லு நனைஞ்சா சரஸ்வதியா வந்து காய வைப்பா? இப்பவே மறுபூஜ போடுங்க!" என்று கத்தினேன்.

"நாளைக்குத்தான போடணும்?"

"சக்கரம் கழட்டற ஸ்பேனருக்கு மட்டும் நாளைக்கு இன்னிக்கே வந்துட்டதா வச்சிக்கங்க!"

கொஞ்சம் யோசித்தார். சயின்ஸ் வாத்தியார்தானே, காலம் எல்லோருக்கும் ஒரே மாதிரி ஓடுவதில்லை என்று எங்கேயோ படித்திருப்பார். வீல் ஸ்பேனரை மட்டும் தனித் தட்டில் வைத்துக் கற்பூரம் காட்டினார். மற்ற டூல்களுக்கெல்லாம் ஆயுத பூஜை. வீல் ஸ்பேனருக்கு மட்டும் விஜயதசமி. ஜாக்கியும் தேவைப்படும் என்று ஞாபகம் வந்து, அதற்கும் கையோடு ஒரு கற்பூரம்.

இதற்கப்புறம்தான் நிஜக் கூத்து. நட்டு அசையவில்லை. ஸ்பேனர் பிடியில் பம்ப்செட் பைப்பைச் செருகி நீளமாக்கினார். கால்வாய்ப் பக்கம் நிற்க இடமில்லை, அதனால் பைப்பைக் கொட்டகைப் பக்கமாக நீட்டி, கீழே இரண்டு பேர் தோள் கொடுத்து, சாமி தூக்குகிற மாதிரி மேலே உந்தினார்கள். கிரீச் என்றது. "அசையுது! அசையுது!" என்று இவர் குதித்தார். இன்னும் இரண்டு பேர் தோள் கொடுத்தார்கள். மண்ணெண்ணெய் ஊற்றினார்கள், வெந்நீர் ஊற்றினார்கள். அடுத்த நட்டுக்கு மாறினார்கள். அதுவும் கிரீச். அதற்குமேல் இல்லை.

நட்டு மாட்டியிருந்த போல்ட்டின் நுனியில் L என்று ஒரு எழுத்து இருந்தது. அது என்ன என்று யாரோ கேட்டார்கள். "லெஃப்ட். இடது சக்கரத்துக்கு உண்டானது. மாத்திப் போட்டுறக் கூடாதுல்ல, அதுக்கு" என்று விளக்கினார். பங்காளி ஜீப்பைப் பார்த்து, "எல் போர்டா இருக்கும், ஓனர் இன்னும் கத்துக்கினுதான் கீறாரு" என்றான். சந்தே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

அப்போது என் கையில் ஒரு சொட்டு விழுந்தது. பங்காளியின் பெண்சாதி டிரெய்லர் பக்கத்தில் நின்றாள். மேலே பார்த்தாள், மூட்டையைப் பார்த்தாள், முந்தானையை எடுத்து ஒரு மூட்டையின் மேல் விரித்தாள். ஒரு முந்தானை எத்தனை மூட்டைக்குக் காணும்? இங்கே இவர் ஜீப்புக்கு அடுத்தபடியாக எந்த எண்ணெய் ஊற்றலாம் என்று ஆலோசனை நடத்திக்கொண்டிருந்தார்.

"நீயும் ஒன் அத்தியாவசியமும்!" என்று சொல்லிக்கொண்டே போய், சந்தனம் குங்குமம் வைத்த ஸ்பேனரிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த அந்தப் பைப்பின் மேல் காலைத் தூக்கி, உடம்பின் கனம் மொத்தத்தையும் வைத்து ஒரு மிதி மிதித்தேன்.

ஆயுத பூஜை அன்று, பூஜை போட்ட ஆயுதத்தைக் காலால்! எதிர்வீட்டுப் பெரியவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். நாலு பெண்கள் "அய்யய்யோ" என்றார்கள். என் வீட்டுக்காரர் ஸ்பேனரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளக் குனிந்தவர், குனிந்தபடியே நின்றுவிட்டார்.

நட்டு கழன்றிருந்தது.

"லெஃப்ட் த்ரெட்டு!" என்று கூவினார். இடது பக்கச் சக்கரங்களுக்கு மட்டும் மரை தலைகீழாம். உலகத்தில் எல்லா நட்டும் எந்தப் பக்கம் கழலுமோ, இது அந்தப் பக்கம் இறுகுமாம். L என்றால் அதுதானாம். இத்தனை நேரம் ஊரே தோள் கொடுத்து நட்டை இறுக்கியிருக்கிறது! நான் மட்டும் கோபத்தில் தப்பான பக்கம் மிதித்துச் சரியாகக் கழற்றியிருக்கிறேன்.

மற்ற நட்டுகளைப் பைப்பைக் கீழே அழுத்திக் கழற்றினார்கள், கையால்தான். சக்கரத்தை எடுத்து, டிரம்மை நாலு தட்டுத் தட்டியதும் பிரேக் விட்டுக்கொடுத்தது. தட்டிய சுத்திக்குக் கற்பூரம் காட்ட யாருக்கும் பொறுமை இல்லை. சக்கரத்தை மாட்டி, பத்துப் பேர் சேர்ந்து ஜீப்பைக் கொட்டகைக்குள் தள்ளினார்கள். வழி திறந்தது. தூறல் பிடிக்க ஆரம்பித்தது.

நான் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்றேன். மிதித்த கணுக்கால் பூரி மாதிரி உப்பிக்கொண்டு வந்தது. டிராக்டர் எங்கள் வாசலைத் தாண்டியது, தாண்டி நின்றது. அவசரமாகப் போக வேண்டியவன் ஏன் நிறுத்துகிறான் என்று எனக்குப் புரியவில்லை. பங்காளி ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே திரும்பினான்.

"காலு இன்னா ஆச்சி?"

யாரைக் கேட்கிறான் என்று தெரியவில்லை. பழக்க தோஷம், என் வீட்டுக்காரர் கொட்டகைக்குள் திரும்பி, "ஒண்ணுமில்லைன்னு சொல்லு" என்று ஜீப்பிடம் சொன்னார்.

"யோவ், நான் ஜீப்பக் கேக்கல," என்றான். "அண்ணியக் கேக்கறேன்."

அண்ணி. பனைமரம் நின்ற காலத்தில் கேட்ட வார்த்தை. அவனை நறுக்கென்று நாலு கேட்க வேண்டும் என்று எத்தனையோ வருஷமாகச் சேர்த்து வைத்திருந்தேன்.

"ஒண்ணுமில்லப்பா," என்றேன். "நீ போ. நெல்லு நனையுது."