நண்டு வளை எண்ணப் போனவள்

பயம் அவளுக்குக் கூடப் பிறந்தது. லிஃப்டில் ஏற மாட்டாள். நான்கு மாடியானாலும் படிதான். தெருமுனையில் நாய் படுத்திருந்தால் அடுத்த தெருவைச் சுற்றிக்கொண்டு வருவாள். மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸைத் தேய்த்து ஃபிரேமில் பொருத்துவது அவள் வேலை. இருபத்திரண்டு வருடமாக அதே ஸ்டூல், அதே ஜன்னலோரம். மயிரிழைக் கீறல்கூட அவள் கண்ணுக்குத் தப்பாது. "உனக்கு இதுதான் சரி. லென்ஸ் கடிக்காது" என்று கணவர் சிரிப்பார்.

அப்படிப்பட்டவளைச் சேற்றில் இறக்கியவள் அவளுடைய நாத்தனார். நர்ஸ் வேலை, ஞாயிற்றுக்கிழமைகளில் ஆறு கடலில் சேரும் இடத்தில் அலையாத்தி மரக் கன்றுகள் நடும் குழுவுக்குப் போய்வருவாள்.

"அண்ணி, உங்க கண்ணு எங்களுக்கு வேணும். நண்டு வளையை எண்ணணும். நாங்க எண்ணினா ஆளுக்கு ஒரு கணக்கு வருது."

"சேத்துலயா? என்னை விட்டுடும்மா."

அந்தக் குழுவை நடத்தியவர் ஓய்வு பெற்ற பஸ் டிரைவர். அவர் வீடு தேடி வந்து பொறுமையாகச் சொன்னார். "நண்டு வளை தோண்டினாத்தான் சேத்துக்குள்ள காத்து போகும்மா. அப்பத்தான் வேர் பிடிக்கும். வேர் பிடிச்சாத்தான் மரம். மரம் இல்லேன்னா புயலடிக்கிறப்ப தண்ணி நேரா நம்ம தெருவுக்குத்தான். அதான் மாசாமாசம் வளையை எண்ணிப் பாக்கணும்."

இரண்டு வருடத்துக்கு முன்னால் அந்தத் தண்ணீர் அவள் வீட்டுக்குள் மார்பளவு வந்திருந்தது. பீரோவின் மேல் ஏறி உட்கார்ந்து விடியும்வரை நடுங்கியிருக்கிறாள். சேற்றைவிட அந்தப் பயம் பெரிது. போனாள்.

பிளாஸ்டிக் குழாயால் செய்த ஒரு சதுரச் சட்டம். அதைச் சேற்றின் மேல் வைத்து உள்ளே எத்தனை வளை என்று எண்ணிச் சொல்ல வேண்டும், நாத்தனார் எழுதிக்கொள்வாள். சிவப்புத் துணி கட்டிய கம்புகளைத் தாண்டி யாரும் போகக்கூடாது. அதற்கு அப்பால் ஊர்ச் சாக்கடையின் குழாய் வந்து விழும் இடம்.

எட்டாவது மாதம் அது நடந்தது. மரங்களின் அருகே முப்பது, முப்பத்து நான்கு என்று வந்த கணக்கு, கம்புகளை நெருங்க நெருங்க ஒன்பது, மூன்று என்று இறங்கியது. கடைசிச் சதுரத்தில் ஒன்றுமே இல்லை. அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. நான்தான் சரியாகப் பார்க்கவில்லையோ? சட்டத்தைத் தூக்கிக்கொண்டு கம்பைத் தாண்டி நான்கு அடி வைத்தாள்.

ஐந்தாவது அடியில் கால் உள்ளே போனது. பதறி அடுத்த காலை ஊன்றினாள். அது தொடை வரை இறங்கியது. அழுகின முட்டை நாற்றம் குப்பென்று வந்தது. இழுக்க இழுக்கச் சேறு இறுக்கியது, யாரோ அடியிலிருந்து கணுக்காலைப் பிடித்துக்கொண்டதுபோல. கத்த வாயைத் திறந்தாள். அப்போதுதான் அதைப் பார்த்தாள். கடல் பக்கமிருந்து மெல்லிய தகடுபோலத் தண்ணீர் சத்தமில்லாமல் வந்துகொண்டிருந்தது. ஏற்றம் தொடங்கிவிட்டது.

"அண்ணி!" நாத்தனார் ஓடிவந்தாள்.

"நில்லு! நீயும் மாட்டினா ரெண்டு பேரைத் தூக்கணும்" என்று டிரைவர் அதட்டினார். பிறகு இவளிடம், "தங்கச்சி, பின்னால சாய். மல்லாந்து படு."

"தண்ணி வருதுண்ணே! மூழ்கிடுவேன்!"

"நின்னாத்தான் இறங்குவே. படுத்தா இறங்க மாட்டே. என்னை நம்பு."

தண்ணீர் இடுப்புக்கு வந்தது. கன்றுகளைச் சுமக்கும் பலகையில் கயிறு கட்டி அவள் முதுகுப் பக்கம் தள்ளினார்கள். கண்ணை இறுக மூடிக்கொண்டு சாய்ந்தாள். காதுக்குள் தண்ணீர் புகுந்ததும் எல்லாச் சத்தமும் அடங்கி, தன் நெஞ்சு அடித்துக்கொள்வது மட்டும் கேட்டது. செத்துவிட்டேனா என்றுகூட ஒரு கணம் நினைத்தாள். கால்விரலை அசைத்தாள். மறுபடி அசைத்தாள். வெகுநேரம் கழித்து ஒரு கால் செருப்பில்லாமல் வெளியே வந்தது, பிறகு மற்றது. பலகையோடு கரைக்கு இழுத்துப் போட்டார்கள். நாத்தனார் கட்டிக்கொண்டு அழுதாள்.

"எழுதிட்டியா? அங்க பூஜ்யம்" என்றாள் இவள், பல் கிடுகிடுக்க.

மூன்று நாள் காய்ச்சல். கடைக்குத் திரும்பியதும் இரண்டு லென்ஸை உடைத்தாள். ஸ்டூலில் கால் தொங்கினால் யாரோ இழுப்பதுபோல இருக்கும். "இனிமே அந்தப் பக்கம் தலைவெச்சுப் படுக்காதே" என்றார் கணவர். அவளும் தலையாட்டினாள்.

ஒரு மாதம் கழித்து டிரைவர் அவளுடைய எட்டு மாதக் கணக்கையும் ஒரே தாளில் எழுதிக்கொண்டு வந்தார். அவள் விரலால் வரிசை வரிசையாகத் தொட்டுப் பார்த்தாள். சாக்கடைப் பக்கமிருந்து நண்டில்லாத இடம் மாதாமாதம் மரங்களை நோக்கி நகர்ந்திருந்தது. மரங்களுக்குப் பின்னால் அவள் தெரு.

"இதை ஊர் ஆபீசுல குடுக்கலாம். ஆனா எண்ணிக்கை நடுவுல நின்னா செல்லாதும்மா. மத்தவங்க எண்ணினா சரியா வரல."

அந்த ஞாயிற்றுக்கிழமையே போனாள். இடுப்பில் கயிறு, அதன் மறுமுனை, கரையில் முணுமுணுத்துக்கொண்டு நின்ற கணவர் கையில். கம்பை மறுபடி தாண்டவேயில்லை. அவர்கள் தாளோடு ஏழு மாதம் நடையாய் நடந்தபின் சாக்கடை விழும் இடத்தில் சுத்திகரிப்புத் தொட்டி கட்டினார்கள். அதுவும் அரைகுறையாகத்தான் வேலை செய்கிறது.

போன மாதம், அன்று பூஜ்யமாக இருந்த கம்போரச் சதுரத்தின் மேல் அவள் வெகுநேரம் குனிந்திருந்தாள்.

"ரெண்டு" என்றாள். இன்னும் கீழே குனிந்தாள்.

"என்னாச்சு? இழுக்கட்டுமா?" என்று கரையிலிருந்து கணவர் கத்தினார்.

"இழுத்துத் தொலைக்காதீங்க! இன்னும் எண்ணி முடிக்கல!"