பிலோமினாவுக்காகக் கையெழுத்துப் போட வேண்டியவர்

அம்பத்தூர் மார்க்கெட்டில் மீன் வாங்கிக்கொண்டிருந்தபோது கீழ்வீட்டு அம்மாளிடமிருந்து போன் வந்தது. பிலோ அக்காவுக்குப் பேச்சு மூச்சில்லை, டாக்டரைக் கூப்பிட்டிருக்கிறோம், உடனே வாங்க என்றாள். மேனாம்பேட்டில் எங்கள் வீட்டுக்கு ஆட்டோவில் போகும்போதே என் மனதுக்குத் தெரிந்துவிட்டது. தையல் பிரிவில் எங்களோடு வேலை பார்த்தவர்களில் சிலர், அடக்கத்துக்கு ஏன் சொல்லி அனுப்பவில்லை என்று என்மேல் வருத்தத்தில் இருக்கிறீர்கள். அடக்கம் நடக்கவே இல்லை. அன்று நடந்ததை உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன்.

பிலோமினா மண்ணூர்பேட்டைக்காரி. ராணுவச் சீருடை தைக்கும் வரிசையில் எனக்கு அடுத்த மெஷின். இருவரும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஆவடி குவார்ட்டர்ஸில் ஒரே வீட்டில் தங்க ஆரம்பித்தோம், ஓய்வுக்குப் பிறகு மேனாம்பேட்டில் வாடகைக்கு வந்தும் அப்படியே இருந்துவிட்டோம். அவள் யாருக்கும் பயந்து நான் பார்த்ததில்லை. புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தியைக் காலர் கோணல் என்று சூப்பர்வைசர் விளாசிக்கொண்டிருந்தார். இவள் எழுந்துபோய் அவர் காலரைத் தொட்டுப் பார்த்து, "உன்னுதே கோணலா தான் கீது நைனா, அத மொதல்ல பிரி" என்றாள். மனிதர் சிரித்துவிட்டார்.

சில வருஷங்களுக்கு முன் அவளுக்கு ஓயாத வயிற்றுவலி. போன இடமெல்லாம் வாயு என்று மாத்திரை கொடுத்தார்கள். கடைசியில் அரசு மருத்துவமனையில் டாக்டருக்குப் படித்துக்கொண்டிருந்த ஒரு பெண் அழுத்திப் பார்த்து, பித்தப்பையில் கல் என்றாள். அன்றே பிலோ முடிவு செய்துவிட்டாள். "நான் போனப்புறம் அந்தப் பசங்க என்னை அறுத்து, உள்ள இன்னா கீதுன்னு ஒழுங்கா பாத்துக் கத்துக்கட்டும்" என்றாள். உடல்தானப் படிவம் வாங்கி வந்தோம். சாட்சிகளில் ஒருவர் நெருங்கிய உறவாக இருக்க வேண்டும் என்றார்கள். அவளுக்கு இருந்தது நூம்பலில் இருக்கும் அந்தோணி அண்ணன் மட்டும்தான். அவரிடம் போகலாம் என்று நான் நச்சரித்தால், அப்புறம் பார்க்கலாம் என்று பேச்சை மாற்றுவாள். சாட்சியாக நான் மட்டும் போட்ட கையெழுத்தோடு படிவம் பீரோவிலேயே கிடந்தது.

அன்று டாக்டர் இறப்பை உறுதிசெய்து எழுதிக் கொடுத்ததும் மருத்துவக் கல்லூரிக்குப் போன் செய்தேன். நீங்கள் அவருக்கு என்ன உறவு என்று கேட்டார்கள். கூட இருக்கிறவள் என்றேன். எடுத்தவர் மரியாதையாகத்தான் பேசினார். கணவர், பிள்ளைகள், பெற்றோர், உடன்பிறந்தவர்கள், இவர்களில் ஒருவர் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டு ஒப்படைத்தால்தான் வாங்குவோம், சாயங்காலத்துக்குள் கொண்டு வாருங்கள் என்றார். ஒரே அடுப்பில் இத்தனை காலம் சமைத்துச் சாப்பிட்டதற்குச் சட்டத்தில் பெயர் எதுவும் இல்லை போலிருக்கிறது. எனக்குக் கோபமாக வந்தது. யார்மேல் கோபப்படுவது என்றுதான் தெரியவில்லை.

மதியம் அந்தோணி அண்ணன் வந்தார். வரும் வழியிலேயே கல்லறைத் தோட்டத்தில் சொல்லிவிட்டு வந்திருந்தார். அவர்களுடைய அம்மாவின் பக்கத்தில் குழி வெட்டிக்கொண்டிருக்கிறார்களாம். படிவத்தை எடுத்துக் கொடுத்தேன். படித்துவிட்டு மடியில் வைத்துக்கொண்டார். வாசலில் சாமியானா கட்ட ஆரம்பித்திருந்தார்கள். நேரம் போய்க்கொண்டே இருந்தது. பிறகு நானே பேசினேன்.

"அண்ணே, எனக்கு இதுல கேக்க உரிமையில்ல. நீங்க சரின்னா அவ ஆசைப்பட்ட இடத்துக்குப் போவா. வேணாம்னா அம்மா பக்கத்துல வெச்சிடுவோம். நானும் வந்து மண்ணு போடுவேன்."

அவர் பிலோவைக் கிடத்தியிருந்த ஃப்ரீசர் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். "இத்தன வருசமா வெச்சிகினு இருந்துகீறா. என்னாண்ட ஏன் கேக்கல?"

"நீங்க மாட்டேன்னு சொல்லிடுவீங்கன்னு பயந்தா."

"பிலோவா? எனக்கா?"

"நீங்க ஒருதரம் மாட்டேன்னுட்டா, அத மீறி அவளால செய்ய முடியாது. அதான் கேக்கவே இல்ல."

பெரிய மனிதர், அழுதுவிட்டார். முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னிடம் பேனா கேட்டார். கல்லறைத் தோட்டத்துக்குப் போன் செய்து, வெட்டியதை மூடிவிடச் சொன்னார். பங்குச் சாமியார் வந்து வீட்டிலேயே ஜெபம் செய்தார். சாயங்காலத்துக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தோம். ஒப்படைத்ததற்கான தாளை அண்ணனிடம்தான் கொடுத்தார்கள், அதுதான் முறை.

திரும்பி வரும்போது வண்டியில் அவர் மெதுவாகக் கேட்டார். "உனுக்கு ஒண்ணுன்னா யாரும்மா கையெழுத்து போடுவாங்க?"

நானும் பிலோவைப் போலவே முடிவு செய்திருக்கிறேன். அவளுடைய துணிச்சலில் கொஞ்சமாவது என்னிடம் ஒட்டியிருக்கும் என்று நினைத்திருந்தேன். எனக்கு வந்து சேர்ந்திருப்பதோ, அன்றுவரை அண்ணனுக்குக்கூடத் தெரியாமல் அவளிடம் இருந்த அந்த ஒரே ஒரு பயம். என் தம்பி பூந்தமல்லியில்தான் இருக்கிறான். அவனிடம் நான் இன்னும் கேட்கவில்லை.